இடது சீட்டுக்கு ஒன்றரை முழம்

விமானத்தின் மூக்கில் இருப்பது இரண்டே சீட்டு: இடது பக்கம் கேப்டன், வலது பக்கம் கோ-பைலட், நடுவில் ஒன்றரை முழ இடைவெளி. அந்த ஒன்றரை முழத்தை ஒரு ஆயுளில் ஒரு தடவை தாண்டினால் போதும் என்பார்கள். நான் இரண்டு தடவை தாண்டினேன். விமானப் படையில் ஒரு தடவை. அங்கே இருபது வருஷம் ஓட்டி, பென்ஷனோடு வெளியே வந்து, பயணிகள் விமானக் கம்பெனியில் சேர்ந்து மறுபடி ஒரு தடவை.

நாற்பது வயசுக்கு மேல் வேலை மாறி, நேற்றுவரை சல்யூட் வாங்கிய கையோடு போய், மகன் வயசுப் பையனிடம் "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டு நின்றவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். வாங்க, உட்காருங்க. நாமெல்லாம் ஒரே பெஞ்சு.

ஸ்டியரிங் யார் கிட்ட?

எங்களுக்கு ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். அப்பா அரசு பஸ் டிரைவர். திருவண்ணாமலையிலிருந்து செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூர் போகிற வண்டியை முப்பத்திநாலு வருஷம் ஓட்டினார். நான் படையில் பயிற்சி முடித்து, சரக்கு விமானத்தில் கோ-பைலட்டாகச் சேர்ந்து முதல் லீவில் வந்தபோது தெருவே திரண்டு வந்து பார்த்தது. அப்பா மட்டும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஸ்டியரிங் யார் கிட்ட?"

பஸ்ஸில் டிரைவர் வலது பக்கம்தானே, நானும் வலது பக்கம்தான் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். புத்தி கெட்டுப் போய் உண்மையைச் சொன்னேன். சில வருஷம் கழித்து இடது சீட்டுக்கு வந்தேன். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப ஏத்திக்கினு போ" என்றார். படை விமானத்தில் பெற்ற அப்பனை ஏற்ற முடியுமா? அதில் ஏறுகிறவர்கள் ஜவான்கள், அரிசி மூட்டை, மண்ணெண்ணெய் பீப்பாய்.

பிறகு பயணிகள் விமானத்துக்கு வந்தேன். இதில் டிக்கெட் வாங்கினால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் நான் புதுசாகச் சேர்ந்தவன், மறுபடி வலது சீட்டு. இடது சீட்டு மூன்று வருஷத்திலும் வரும், ஐந்து வருஷத்திலும் வரும், கம்பெனி சொல்கிறபோது வரும். அப்பாவுக்கு அப்போது எழுபத்திரண்டு. ஆசையாக ஒரு டிக்கெட் எடுத்துப் போய் நீட்டினேன். கையால் தொடவில்லை மனுஷன்.

"நீ டிரைவர் சீட்டுல உக்காரு, நான் வந்து ஏர்றேன். கிளீனர் சீட்டுல எம்பையன் உக்காந்துனு இருக்கற வண்டி எனக்கு வேணாம்."

நின்னுச்சா, அது போதும்

படையில் இருந்தபோது எனக்கு அமைந்தது வடகிழக்கு மலைகள். அங்கே ஒரு ஓடுபாதை. முன்னால் மலை, பின்னால் ஆறு, நடுவில் நம்ம மாட வீதியை எடுத்து வைத்த மாதிரி ஒரு துண்டுத் தார். அதில் மெதுவாக இறக்குகிறேன் பேர்வழி என்று மிதந்துகொண்டே போனால், எதிர் மலையில் போய்த்தான் நிற்க வேண்டும். சொன்ன இடத்தில் சக்கரத்தைத் தொப்பென்று வைத்து பிரேக்கை மிதிக்கணும். பதினைந்து வருஷம் அப்படித்தான் இறக்கினேன். என் கைக்கு வேறு விதம் தெரியாது.

அங்கே ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த ஹவில்தார் போளூர்க்காரர். நான் வருகிறேன் என்று தெரிந்தால் டின் பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு டீயோடு நிற்பார். என்ஜின் அடங்குவதற்குள் தபால் மூட்டையில் கை வைத்துவிடுவார். வீட்டுக் கடிதம் இருந்தால் காதுவரை சிரிப்பு. குளிரில் அந்த டீயைக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் போளூர் ரயில்வே கேட்டைப் பற்றிப் பேசுவோம். இன்றைக்கு ஐந்து நட்சத்திர ஓட்டலில் தங்குகிறேன், அந்த டீக்கு ஈடாக ஒன்றையும் குடித்ததில்லை. ஒருநாள் நான் வைத்த வேகத்தில் நாலு தட்டு முட்டை உடைந்து ஒழுகியது. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் தட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"வுடுங்க சார், ஒடைஞ்ச முட்டைய ஆம்லேட் போட்டுக்கலாம். வண்டி நின்னுச்சா, அது போதும்."

செங்கம் ரோட்டில் ஒரு தவம்

புது விமானத்துக்கு மாறுகிறவனுக்கு எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விமானத்தின் உள்பக்கப் படத்தைப் பெரிசாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எந்தப் பொத்தான் எங்கே என்று காற்றில் கையை நீட்டித் தொட்டுப் பழகுவோம். வாய் அதன் பாட்டுக்கு முணுமுணுக்கும். தேர்வில் தவறினால் வேலை கிடையாது. படைக்கும் திரும்பிப் போக முடியாது. வீட்டில் டிவி சத்தம், மிக்ஸி சத்தம். அதனால் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு மாசத்துக்கு ரூம் எடுத்து, மொட்டை மாடியில் நாற்காலியைப் போட்டேன்.

விடியற்காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி இரண்டு விரலால் திருகி, இடது கையை முழங்காலுக்குக் கொண்டுவந்து, "ஆன், ஆட்டோ, செக்டு" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். நாலாம் நாள் கண்ணைத் திறந்தால் பக்கத்தில் பாய் விரித்து ஒரு வெள்ளைக்காரம்மா. என்னைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி தலைக்கு மேல் திருகிக்கொண்டிருக்கிறார். அடுத்த நாள் மூன்று பேர். சிரிக்கவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவர்களையும் கூட்டிக்கொண்டு தினமும் இரண்டு என்ஜினையும் ஸ்டார்ட் செய்து முடித்தேன். ரூமைக் காலி செய்கிற அன்று வீட்டுக்கார அம்மா தயங்கித் தயங்கி வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். நீங்க எந்த சாமியார் கிட்ட இத கத்துக்கினீங்கன்னு அந்தம்மா ஒரு வாரமா கேட்டுனு இருக்காங்க. பேரு சொன்னீங்கன்னா, போர்டுல எழுதி வெச்சிக்குவேன்."

ரெண்டு பக்கமும் ஜன்னல்

தேர்வில் தேறினேன். தோளில் மூன்று பட்டை. கேப்டனுக்கு நாலு. முதல் நாள் விடியற்காலை விமானத்துக்குள் போனேன். பையை வைத்தேன், சீட்டை முன்னால் இழுத்தேன், உயரம் சரிசெய்தேன், பெல்ட்டை மாட்டினேன். எல்லாம் பதினைந்து வருஷப் பழக்கம், கை தானாகச் செய்தது. எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது.

திரும்பினால் இருபத்தெட்டு வயசுப் பையன். மீசை இப்போதுதான் தைரியமாக வளர்கிறது. தோளில் நாலு பட்டை. அன்றைக்கு அவர்தான் என் கேப்டன். நான் உட்கார்ந்திருந்தது அவர் சீட்டு. படையில் நான் விங் கமாண்டர் என்று அவருக்குத் தெரியும் போல; எழுந்திரு என்று சொல்ல வாய் வரவில்லை, மூன்று நிமிஷமாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்குக் காது சுட்டது. பெல்ட்டைக் கழற்றுகிற அவசரத்தில் தலையை மேலே இடித்துக்கொண்டேன். நேற்றுவரை ஸ்குவாட்ரனே எழுந்து நின்ற ஆள் நான். வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தது, அழுகையும்கூட. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. என் பையைத் தானே எடுத்து வலது பக்கம் வைத்தார்.

"வருத்தப்படாதீங்க சார், ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கு."

ஸ்டாஃப் டிக்கெட்

கம்பெனி ஆளின் வீட்டாருக்குச் சலுகை டிக்கெட் உண்டு. என் மனைவி சுமதி, இருபது வருஷம் நான் பறக்கிற விமானத்தைத் தரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள். ஊர் ஊராக இரும்பு டிரங்குப் பெட்டியைக் கட்டிக் கட்டி அவிழ்த்தவள். முதல் தடவையாக நான் ஓட்டுகிற விமானத்தில் புதுச் சேலை கட்டிக்கொண்டு ஏறினாள். எங்கள் வழக்கப்படி ஒரு நடை கேப்டன் ஓட்டினால் அடுத்த நடை கோ-பைலட் ஓட்டுவார். அன்றைக்கு என் முறை. நீளமான ஓடுபாதை, நல்ல வெயில், அவசரமே இல்லை. ஆனால் கைக்கு அது புரிய வேண்டுமே. போளூர் ஹவில்தார் கீழே டீயோடு நிற்கிற நினைப்பில் சக்கரத்தைத் தொப்பென்று வைத்தது.

பயணிகள் இறங்கும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாகச் சுமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க, பழகிக்குவேன். மாமாவ மட்டும் இப்படி எறக்கிடாதீங்க. அவரு முதுகு முப்பத்திநாலு வருஷம் பஸ்ஸுல ஆடின முதுகு."

வாயு லிங்கம் வரைக்கும்

மூன்றாவது வருஷம் இடது சீட்டுக்கு என் முறை வந்தது. அந்த நேரம் பார்த்துக் கொரோனாவும் வந்தது. விமானமெல்லாம் என்ஜினுக்குத் துணி கட்டிக்கொண்டு வரிசையாக நின்றது. பாதிச் சம்பளம். இடது சீட்டுப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. அப்புறம் விமானம் பறந்தது, கேப்டனாகிறவர்கள் பட்டியல் மட்டும் நகரவில்லை. அப்பாவுக்கு எழுபத்தைந்து, எழுபத்தாறு, எழுபத்தேழு. கம்பெனியில் கேட்டால் "அடுத்த வருஷம்" என்பார்கள். அப்பா கேட்டால் நானும் அதையே சொல்வேன்.

லீவில் வந்தால் இரண்டு பேரும் காலையில் கிரிவலம் போவோம். பதினாலு கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்கிற ஆள் அவர். நான்தான் பின்னால் ஓடணும். அந்த வருஷம் அடி அண்ணாமலை தாண்டினதும் நடை குறைந்தது. பாதை ஓரத்து வாயு லிங்கம் கோயில் வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறதாம். அவருடைய கிரிவலம் பாதியில் நின்று நான் பார்த்ததில்லை. ஆட்டோ பிடித்தேன். ஏறுவதற்கு என் தோளைப் பிடித்தார். கை லேசாக இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"சீக்கிரம் உக்காருடா. வண்டி ஏர்றதுக்கு எனக்குக் கால் இருக்கணும் இல்ல?"

ஒண்ணு ஜாஸ்தி

ஏழு வருஷம் முடிகிற சமயம் கடைசித் தேர்வும் முடிந்து நாலாவது பட்டை வந்தது. சட்டையோடு நேராக ஊருக்கு வந்தேன். சென்னையிலிருந்து பஸ்ஸில், யூனிபார்மில், ஜன்னல் ஓரம். கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அப்பா கட்டிலில் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தார். என் தோளை இழுத்து, கட்டை விரலால் பட்டையை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

"ஒண்ணு ஜாஸ்தியா இருக்குது. டிக்கெட் போடு."

எறங்கறவங்க முன்னாடி வாங்க

சென்னையிலிருந்து கோயம்புத்தூர். அங்கேதான் என் தங்கை வீடு. அப்பா, துணைக்குச் சுமதி, கூடவே பலராமன் மாமா. இவர் அப்பா வண்டியில் இருபத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர். "கண்டக்டர் இல்லாம நான் எந்த வண்டியில போயிருக்கேன்?" என்று அப்பா கேட்டதால் அவருக்கும் டிக்கெட். மூன்று பேருக்கும் முதல் வரிசை, அப்பாவுக்கு இடது பக்க ஜன்னல். பணிப்பெண் ஆட்களை எண்ணிக்கொண்டு போனதைப் பலராமன் மாமா உன்னிப்பாகக் கவனித்துவிட்டு, "ரெண்டு தடவ எண்ணுது, நல்ல பொண்ணு" என்று சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்.

நான் இடது சீட்டில். பக்கத்தில் கோ-பைலட் திவ்யா, இருபத்தாறு வயசு, சேலத்துப் பெண். கிளம்பி கால் மணி நேரத்தில் கீழே மலை தெரிந்தது. அந்த வழியில் நூறு தடவைக்கு மேல் போயிருக்கிறேன்; அன்றைக்குத்தான் சொல்லத் தோன்றியது. மைக்கை எடுத்து, "இடது பக்கம் கீழே தெரிவது திருவண்ணாமலை" என்றேன். மைக்கை வைத்துவிட்டேன். பின்னால் நடந்ததைப் பணிப்பெண்தான் வந்து சொன்னாள். அறிவிப்பைக் கேட்டதும் அப்பா ஜன்னலில் நெற்றியை வைத்துக் கும்பிட்டிருக்கிறார். பலராமன் மாமாவுக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம் விடுமா? கண் அசந்திருந்தவர் ஊர்ப் பேர் காதில் விழுந்ததும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு விமானம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்திருக்கிறார்.

"திருவண்ணாமலை, திருவண்ணாமலை. எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க."

முதுகு யாருது?

அன்றைக்கு ஓட்டுகிற முறை என்னுடையது. ஏழு வருஷம் காத்திருந்தது இந்த ஒரு இறக்கத்துக்காகத்தான். காற்றும் சாதுவாக இருந்தது. விமானம் கீழே இறங்க இறங்க என் காதில் சுமதி பேச ஆரம்பித்தாள். ஆடின முதுகு, ஆடின முதுகு. வாயு லிங்கத்துப் படியில் உட்கார்ந்த அப்பா கண்ணுக்கு வந்தார். என் கையைப் பார்த்தேன். இந்தக் கை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். திவ்யா இறக்கினால் பூ விழுந்த மாதிரி இருக்கும். கம்பெனி முழுக்கத் தெரிந்த விஷயம்.

"நீங்க எறக்குங்க" என்றேன். திவ்யா திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும், பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று. "நிச்சயமா, சார்?" என்றாள். நிச்சயம் என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் சர்வீசில் அதைவிடக் கனமான சாமானை நான் தூக்கியதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதை நான் உணரவில்லை, மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பயணிகள் இறங்கும்போது கதவருகே போய் நின்றேன். பின்னால் திவ்யா. அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சீட்டைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்று, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார். "ஏர்னது தெரிஞ்சுது, எறங்கினது தெரியல. இவன் எம்பையன். டிரைவர்." நான் வாயைத் திறந்தேன். திவ்யா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூடிக்கொண்டேன்.

தங்கை வீட்டில் சோறு இறங்கவில்லை. அப்பா கட்டிலில் சாய்ந்ததும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, எறக்கினது நான் இல்ல, அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். எப்படி என்றேன். "வண்டிய ஒழுங்கா கொண்டாந்து நிறுத்தினவன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கும்டா. டெப்போல தெனம் பாத்த மூஞ்சி. அது அந்தப் பொண்ணு மூஞ்சில இருந்துச்சு, உன் மூஞ்சில இல்ல." பின்னே ஏன் அத்தனை பேர் முன்னால் என்னைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பொண்ணு சின்னப் பொண்ணு, ஊரே சொல்லும். உன்ன சொல்றதுக்கு எனக்கு எத்தினி தடவ வாய்க்கும்? திரும்பிப் போறப்ப நீயே எறக்கு. முதுகு என்னுது, உனக்கு இன்னா?"

திரும்பும்போது நானே இறக்கினேன். அப்பா மூன்று நாள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்திருந்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டி, "எம்பையன் எறக்கினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.